இரட்டைப் பதிவை வாசலிலேயே நிறுத்துங்கள்: சி.எம்.எஸ். அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மெடிகேர், மெடிகெய்டு சேவைகள் மையத்தின் (சி.எம்.எஸ்.) நிர்வாகி டாக்டர் மெஹ்மெட் ஓஸ் அவர்களுக்கும், ஹெல்த்கேர்.கவ் காப்பீட்டுச் சந்தையை நடத்தும் அதிகாரிகளுக்கும், வட கரோலினா மாநில மெடிகெய்டு துறைக்கும்,

வணக்கம்.

2025 ஜூலையில் நீங்கள் ஒரு கணக்கை வெளியிட்டீர்கள். 2024-ஆம் ஆண்டுப் பதிவுகளை ஒப்பிட்டுப் பார்த்ததில் சுமார் 28 லட்சம் பேர் இரண்டு இடங்களில் பதிவாகியிருக்கக்கூடும் என்றீர்கள். மாதத்துக்குச் சராசரியாக 12 லட்சம் பேர் ஒன்றுக்கு மேற்பட்ட மாநிலங்களில் குறைந்த வருமானத்தினருக்கான அரசுக் காப்பீடான மெடிகெய்டிலோ, பிள்ளைகளுக்கான சிப் திட்டத்திலோ இருந்தார்கள். இன்னும் 16 லட்சம் பேர் ஒரு பக்கம் மெடிகெய்டு அல்லது சிப், மறுபக்கம் அரசு மானியத்தோடு ஹெல்த்கேர்.கவ் போன்ற சந்தையில் வாங்கிய தனியார் காப்பீடு (சந்தைக் காப்பீடு) என இரண்டிலும் இருந்தார்கள். இதைச் சரிசெய்தால் ஆண்டுக்குச் சுமார் 1,400 கோடி டாலர் மிச்சமாகும் என்பது உங்கள் மதிப்பீடு.

அந்தப் பணம் மிச்சமாக வேண்டும் என்பதில் எனக்கு மறுபேச்சு இல்லை. நானும் வரி கட்டுகிறேன். வட கரோலினாவின் வேக் கவுண்டியில் (மாவட்டத்தில்) வார இறுதிகளில் நம் ஆட்களுக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்கும் தன்னார்வலன் நான். இரட்டைப் பதிவு எப்படி உண்டாகிறது என்பதைச் சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறவன். அதனால் சொல்கிறேன்: இதில் பெரும்பகுதியை மக்கள் உண்டாக்கவில்லை. உங்கள் கணினிகள் ஒன்றோடொன்று பேசாததால் உண்டாகிறது. உண்டான பிறகு வீட்டுக்குக் கடிதம் போட்டு, 30 நாள் கெடு வைத்து, அவர்களையே சரிசெய்யச் சொல்கிறீர்கள். தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற வேலை இது.

இதைத் தமிழில் எழுதக் காரணம் உண்டு. உங்கள் கடிதம் கையில் கிடைத்து என்ன செய்வதென்று தெரியாமல் இருக்கும் நம்மவர்களும் இதைப் படிக்க வேண்டும். ஆங்கிலப் பிரதியை உங்கள் அலுவலகத்துக்குத் தனியாக அனுப்புகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இரட்டைப் பதிவால் வரும் பணம் பதிவானவர் கைக்கு வருவதில்லை. சந்தைக் காப்பீட்டின் மானியத்தைக் கருவூலம் நேராகக் காப்பீட்டு நிறுவனத்துக்கு அனுப்புகிறது. மெடிகெய்டிலும் பெரும்பாலான மாநிலங்கள் ஆளுக்கு மாதம் இவ்வளவு என்று நிறுவனங்களுக்குக் கட்டிவிடுகின்றன. அந்த ஆள் டாக்டரைப் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் பணம் போய்க்கொண்டே இருக்கும். ஒரே ஆள் பெயரில் இரண்டு நிறுவனங்கள் மாதாமாதம் வாங்குகின்றன. அந்த ஆளுக்குத் தன் பெயரில் இரண்டு கணக்கு ஓடுவதே தெரியாது.

எப்படித் தெரியாமல் போகும் என்று கேட்பீர்கள். எங்கள் ஊரில் வீட்டிலிருந்தே சமையல் ஆர்டர் எடுத்துச் செய்யும் ஓர் அக்கா இருக்கிறார். அமெரிக்கக் குடியுரிமை பெற்றவர், தனியாக இருக்கிறார். சந்தையில் ஒரு திட்டம் எடுத்திருந்தார். மானியம் போக அவர் கட்ட வேண்டிய பிரீமியம் பூஜ்யம். 2024-இல் வருமானம் குறைந்தபோது கவுண்டி அலுவலகத்தில் விண்ணப்பித்தார். மெடிகெய்டு கிடைத்தது, அட்டை தபாலில் வந்தது. அன்றிலிருந்து அந்த அட்டையைத்தான் காட்டினார். பழைய திட்டத்தை ஒருமுறைகூடப் பயன்படுத்தவில்லை. “எல்லாம் கவர்மென்ட்தானே தம்பி, அவங்களுக்குள்ள பேசிக்குவாங்கன்னு நெனச்சேன்” என்றார்.

பேசிக்கொள்ளவில்லை. பில் வராத திட்டம் என்பதால், பணம் கட்டாமல் காலாவதி ஆகும் வழியும் அதற்கு இல்லை. ஜனவரி வந்ததும் தானாகவே புதுப்பித்துக்கொண்டது. வரிக் காலத்தில், கட்டப்பட்ட மானியத்தைக் காட்டும் 1095-ஏ படிவம் சந்தையிலிருந்து வந்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. அதன் மூன்றாம் பகுதியில் ஜனவரி முதல் டிசம்பர் வரை பன்னிரண்டு வரிகள் இருக்கும். கடைசிப் பத்தியில் அவர் பெயரில் முன்கூட்டியே கட்டப்பட்ட மானியம், மாதம் தவறாமல், ஒரே தொகை. மெடிகெய்டு கிடைத்த மாதத்துக்கு மேலேயும் அதே எண், கீழேயும் அதே எண். அவர் விரலை வைத்து ஒவ்வொரு வரியாக இறக்கிக்கொண்டே வந்தார். “இத்தனை பணம் எனக்கா குடுத்தாங்க?” என்று கேட்டார்.

மானியக் கணக்கை வரியோடு சரிபார்க்கும் 8962 படிவத்தை நிரப்பினால் அந்தப் பணத்தைத் திருப்பிக் கட்டச் சொல்கிறது. 2024 வரியாண்டில் அவர் வருமானத்தில் தனியாகத் தாக்கல் செய்கிறவருக்கு 375 டாலர் என்று ஓர் உச்சவரம்பு இருந்தது. அதனால் தப்பித்தார். 2025 ஜூலை 4-ஆம் தேதி கையெழுத்தான ‘ஒன் பிக் பியூட்டிஃபுல் பில்’ என்ற பெரிய சட்டம் அந்த உச்சவரம்பை எடுத்துவிட்டது. 2026 வரியாண்டிலிருந்து தகுதியில்லாமல் போன மானியம் முழுவதையும் திருப்பிக் கட்ட வேண்டும். அதே அக்காவுக்கு அதே தவறு 2026-இல் நடந்தால், வருஷம் முழுக்கச் சமைத்துச் சேர்த்த காசு போய்விடும். பணத்தை வாங்கிய நிறுவனத்தை யாரும் கேட்கப்போவதில்லை.

நிலைமை மாறினால் 30 நாளுக்குள் சந்தைக்குச் சொல்ல வேண்டும் என்று விதி இருக்கிறது என்பீர்கள். சரி, இருக்கிறது. மெடிகெய்டு கொடுத்த அரசுக்குத் தெரியும். மானியம் கட்டிய அரசுக்குத் தெரியும். இரண்டுக்கும் நடுவே இருக்கும் ஒரு சமையல்காரர்தான் தகவல் சொல்லும் பாலமாக இருக்க வேண்டுமா?

வட கரோலினாவில் இந்தக் கதை அதிகம் நடக்கக் காரணமும் உண்டு. 2023 டிசம்பர் 1 அன்று இங்கே மெடிகெய்டு விரிவாக்கம் வந்தது. வறுமைக் கோட்டின் 138 சதவீதம் வரை வருமானம் உள்ள பெரியவர்களுக்கும் தகுதி கிடைத்தது. நல்ல காரியம், வெகுநாள் போராடி வாங்கியது. ஓராண்டில் ஆறு லட்சம் பேர் சேர்ந்தார்கள். முதல் நாளே சுமார் 2.7 லட்சம் பேர் சேர்க்கப்பட்டார்கள்; அவர்களில் மிகப் பெரும்பாலோர் விண்ணப்பிக்கவே இல்லை. குடும்பக் கட்டுப்பாட்டுச் சேவைக்கு மட்டுமான குறுகிய மெடிகெய்டில் இருந்தவர்களை மாநிலமே முழு மெடிகெய்டுக்கு மாற்றியது. அந்தக் குறுகிய திட்டம் சட்டத்தின் பார்வையில் முழுக் காப்பீடு இல்லை என்பதால், அதில் இருந்துகொண்டே சந்தையில் மானியத்தோடு காப்பீடு வாங்குவது முற்றிலும் சரி. நவம்பர் 30 வரை சரியாக இருந்த ஒருவர், டிசம்பர் 1 காலையில் தூங்கி எழுந்தபோது இரட்டைப் பதிவுக்காரர் ஆகிவிட்டார். அவர் எந்தப் படிவத்திலும் கை வைக்கவில்லை. அந்த மாற்றத்தைச் செய்த அதே நாளில் சந்தைக்கும் ஒரு பட்டியல் போயிருந்தால் எவ்வளவு வேலை மிச்சமாகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

உங்கள் 28 லட்சத்தில் எல்லாரையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள் என்பதும் என் வேண்டுகோள். மெடிகெய்டுக்கு விண்ணப்பித்தவர்களிடம், முடிவு கைக்கு வரும்வரை சந்தைத் திட்டத்தை நிறுத்தாதே என்று சொல்வது உங்கள் தளம்தான். அது சரியான அறிவுரை. நிறுத்திவிட்டு மெடிகெய்டும் மறுக்கப்பட்டால் நடுத்தெருவில் நிற்க வேண்டும். அப்படி முடிவுக்குக் காத்திருந்த வாரங்களில் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்திருக்கும். மெடிகெய்டு அனுமதி பின்தேதியிட்டு வரும்போதும் அப்படித்தான். அந்தப் பழைய மாதங்களுக்கு மானியத்தைத் திருப்பிக் கேட்பதில்லை என்று வரி விதியே சொல்கிறது. மாறும் காலத்தில் ஓரிரு மாதம் இரண்டிலும் இருந்தவரையும், இரண்டு வருஷமாக இரண்டிலும் இருப்பவரையும் ஒரே எண்ணில் அடைத்து வெளியிட்டால், படிக்கிறவர் இருவரையும் திருடர் என்றுதான் நினைப்பார். ‘இருக்கக்கூடும்’ என்று நீங்கள் போட்ட சொல் தலைப்புச் செய்தி ஆகும்போது காணாமல் போய்விட்டது.

மாநிலம் விட்டு மாநிலம் போகிறவர்கள் இன்னொரு கூட்டம். நியூ ஜெர்சியில் வேலை போகிறது. பிள்ளைகளுக்கு அங்கே மெடிகெய்டு கிடைக்கிறது. நாலு மாதத்தில் இங்கே வேலை கிடைத்துச் சாமான்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு வருகிறார்கள். பள்ளிக்கூடம், வீட்டு வாடகை, ஓட்டுநர் உரிமம், மின் இணைப்பு என்று மாற்ற ஆயிரம் இருக்கிறது. பழைய மாநிலத்து மெடிகெய்டை நிறுத்தச் சொல்லிக் கூப்பிட வேண்டும் என்று யாருக்கும் தோன்றாது. இதற்கென்று புதிய சட்டத்தில் ஒரு பிரிவு இருக்கிறது. 2029 அக்டோபருக்குள் நீங்கள் ஓர் அமைப்பை உருவாக்க வேண்டும், மாநிலங்கள் மாதாமாதம் ஒவ்வொருவரின் அடையாள எண்ணான சோஷியல் செக்யூரிட்டி எண்களை அனுப்ப வேண்டும், ஒரே ஆள் இரண்டு மாநிலத்தில் இருந்தால் அது காட்ட வேண்டும் என்கிறது. வரவேற்கிறேன். ஆனால் அந்தப் பிரிவு பேசுவது மாநிலத்துக்கும் மாநிலத்துக்கும் நடுவே உள்ள இரட்டைப் பதிவைப் பற்றித்தான். மெடிகெய்டுக்கும் சந்தைக்கும் நடுவே உள்ள 16 லட்சம் அதற்குள் வரவில்லை. மாதாமாதம் எண்கள் உங்களிடம் வரத்தான் போகின்றன. அதே குழாயில் சந்தைப் பதிவேட்டையும் சேருங்கள். இப்போதுள்ள விதி ஆண்டுக்கு இரண்டு முறையாவது ஒப்பிட்டால் போதும் என்கிறது. இரண்டு ஒப்பீட்டுக்கு நடுவே ஆறு மாதம் போய்விட்டால் ஆறு மாத மானியமும் போய்விடும்.

இது புது யோசனையும் அல்ல. அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் தணிக்கை அமைப்பான ஜி.ஏ.ஓ. 2015 அக்டோபரிலேயே இந்த இரட்டைப் பதிவைப் பற்றி அறிக்கை கொடுத்து, கட்டுப்பாடுகள் போதாது என்று சொல்லிவிட்டது.

அதே ஜி.ஏ.ஓ. 2025 டிசம்பரில் வெளியிட்ட இன்னொரு அறிக்கையையும் படித்திருப்பீர்கள். 2023-இல் ஒரே சோஷியல் செக்யூரிட்டி எண்ணில் 125-க்கும் மேற்பட்ட காப்பீடுகள் ஓடியிருக்கின்றன. நாள்களைக் கூட்டினால் 26,000-ஐத் தாண்டுகிறது, அதாவது ஓராண்டில் 71 ஆண்டுக் காப்பீடு. ஒரு எண்ணில் ஒன்றுக்கு மேற்பட்ட பதிவை ஏன் தடுப்பதில்லை என்பதற்கு உங்கள் அதிகாரிகள் சொன்ன காரணம்: எண்ணைத் திருடியவனோ தவறாகத் தட்டியவரோ முந்திக்கொண்டால், உண்மையான சொந்தக்காரர் வெளியே நிற்கக் கூடாது. இந்தக் காரணத்தை நான் மதிக்கிறேன். எண்ணில் ஓர் இலக்கம் மாறிப்போனதற்காக ஒரு கர்ப்பிணிப் பெண்ணைத் திருப்பி அனுப்புகிற அமைப்பு எனக்கும் வேண்டாம். ஆனால் பதிவை அனுமதிப்பது வேறு, கேள்வி கேட்காமல் பணம் கட்டுவது வேறு. இரண்டாவது விண்ணப்பம் வந்ததும் அவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அதே நாளில் இரண்டு விண்ணப்பத்திலும் உள்ள தொலைபேசி எண்களைக் கூப்பிட்டு, நீங்கள் யார், இது உங்கள் எண்தானா என்று ஒரு மனிதர் கேட்கட்டும். மூன்றாவதும் நான்காவதும் வந்தால் மானியத்தை நிறுத்திவையுங்கள். 125 வரைக்கும் ஒரு எண் போகிறது என்றால் நடுவில் யாருமே திரும்பிப் பார்க்கவில்லை என்று அர்த்தம்.

ஏஜென்ட் விவகாரத்தில் நீங்கள் ஒரு நல்ல முடிவு எடுத்தீர்கள், அதைச் சொல்லாவிட்டால் நியாயமில்லை. 2024-இன் முதல் எட்டு மாதங்களில் மட்டும், கேட்காமல் சேர்த்துவிட்டார்கள், கேட்காமல் திட்டத்தை மாற்றிவிட்டார்கள் என்று 2.5 லட்சத்துக்கும் மேற்பட்ட புகார்கள் உங்களுக்கு வந்தன. சமூக ஊடகத்தில் ‘6,400 டாலர் உதவித்தொகை’ என்று விளம்பரம் போட்டு, பெயரையும் பிறந்த தேதியையும் வாங்கிக்கொண்டு, ஏற்கெனவே மெடிகெய்டில் இருப்பவரைக்கூட பூஜ்ய பிரீமியத் திட்டத்தில் சேர்த்துவிட்டுக் கமிஷன் பார்த்தார்கள். 2024 ஜூலையில் நீங்கள் கதவை இறுக்கினீர்கள். ஏற்கெனவே தொடர்பில்லாத ஏஜென்ட் ஒருவர் பதிவில் கை வைக்க வேண்டுமென்றால், வாடிக்கையாளரும் உங்கள் அழைப்பு மையமும் அவரும் மூவருமாக ஒரே அழைப்பில் இருக்க வேண்டும் என்றீர்கள். 850 ஏஜென்டுகளை இடைநிறுத்தினீர்கள். நினைத்தால் வாசலில் தடுக்க முடியும் என்பதற்கு உங்கள் கையாலேயே செய்த சாட்சி அது.

அந்த மூவர் அழைப்பை மக்களுக்காகவும் திறந்துவிடுங்கள் என்று கேட்கிறேன். இன்று உங்கள் கடிதம் கிடைத்தவர் என்ன செய்ய வேண்டியிருக்கிறது தெரியுமா? சந்தையைக் கூப்பிட்டால், மெடிகெய்டு உண்டா இல்லையா என்பதை கவுண்டியில் கேளுங்கள் என்கிறார்கள். இந்த மாநிலத்தில் 100 கவுண்டிகள், 100 அலுவலகங்கள். அங்கே கூப்பிட்டால், சந்தைத் திட்டத்தை நாங்கள் நிறுத்த முடியாது, அவர்களிடமே சொல்லுங்கள் என்கிறார்கள். இரண்டு பக்கமும் சொல்வது அவரவர் அளவில் உண்மைதான். நடுவில் 30 நாள் ஓடிவிடுகிறது. பதில் வராவிட்டால் மானியம் நின்று, முழு பிரீமியத்துக்கு பில் வருகிறது. உங்கள் அழைப்பு மையமே கவுண்டி அலுவலகத்தை இணைப்பில் எடுத்து, மூவரும் பேசி, எது ஓட வேண்டும் எது நிற்க வேண்டும் என்று அதே அழைப்பில் முடித்துவைத்தால் இந்த அலைச்சலே இல்லை.

இனி எங்கள் பெயர் விஷயம். தமிழர் பலருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அப்பா பெயரின் முதலெழுத்து முன்னால் வரும், அதன் பிறகு சொந்தப் பெயர், அவ்வளவுதான். கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் கட்டம் காலியாக இருந்தால் விசாவில் முதல் பெயருக்கு ‘எஃப்.என்.யூ.’ (முதல் பெயர் தெரியவில்லை) என்று அடித்து, இருக்கும் ஒரே பெயரைக் குடும்பப் பெயர் ஆக்கிவிடுகிறார்கள். கிரீன் கார்டில் ஒரு மாதிரி, சோஷியல் செக்யூரிட்டி அட்டையில் வேறு மாதிரி, மகன் விண்ணப்பத்தில் நிரப்பும்போது இன்னொரு மாதிரி. தாத்தா பெயர் எந்தக் கட்டத்தில் போக வேண்டும், அப்பா பெயர் எதில் என்று வீட்டுக்குள்ளேயே வாக்குவாதம் நடக்கும். நான் பக்கத்தில் இருந்து பார்த்த ஒரு பெரியவரின் விண்ணப்பம் பெயர் பொருந்தவில்லை என்று மாட்டிக்கொண்டது. மகன் பெயரைத் திருப்பிப் போட்டுப் புது விண்ணப்பம் போட்டார். அது உடனே ஏறிவிட்டது. பழையதும் நிற்கவில்லை. ஒரே மனிதர், முன்பின்னாகப் போட்ட பெயரோடு, உங்கள் பதிவேட்டில் இருவர். எங்கள் முந்தைய தலைமுறையில் பலருக்குப் பிறந்த தேதியும் பள்ளியில் சேர்க்கும்போது தலைமை ஆசிரியர் போட்ட தேதிதான். பெயரும் தேதியும் ஒத்துப்போகிறது என்பதை மட்டும் வைத்து ஆளை அடையாளம் காணப் பார்த்தால், ஒருவரை இருவர் ஆக்குவீர்கள், இருவரை ஒருவரும் ஆக்குவீர்கள். பெயரின் பகுதிகளை எந்த வரிசையில் போட்டாலும் ஒப்பிட்டுப் பார்க்கும்படி கணினியைப் பழக்குங்கள். ஒருவர் இரண்டாவது விண்ணப்பம் போடும்போது, இதே முகவரியில் இப்படி ஒருவர் ஏற்கெனவே இருக்கிறார், அவரும் நீங்களும் ஒன்றா என்று திரையிலேயே கேளுங்கள். பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும்.

(ஐந்து வருஷம் முடியாத கிரீன் கார்டுக்காரர்களில் மிகக் குறைந்த வருமானம் உள்ளவர்களுக்கு 2026 ஜனவரியிலிருந்து சந்தை மானியமே நின்றுவிட்டது. அது தனி வழக்கு, இந்த மடலில் அதைக் கலக்கவில்லை.)

65 வயது ஆகிறவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. அந்த வயதில் கிடைக்கும் அரசுக் காப்பீடான மெடிகேர் தொடங்கினால் சந்தைத் திட்டம் தானாக நின்றுவிடும் என்று பலர் நம்புகிறார்கள். நிற்பதில்லை. மெடிகேரில் மருத்துவமனைச் செலவுக்கான, பிரீமியம் இல்லாத பகுதி ஏ கிடைக்கும் மாதத்திலிருந்து மானியத் தகுதி போய்விடுகிறது. வயதும் பிறந்த தேதியும் உங்களிடமே இருக்கின்றன. பிறந்த நாளுக்கு மூன்று மாதம் முன்பே ஒரு கடிதம் போடுங்கள், அதிலேயே நிறுத்தும் தேதியைக் குறிக்க ஒரு கட்டம் வையுங்கள்.

கடிதம் என்றதும் சொல்ல வேண்டியது இருக்கிறது. அறிவிப்புகள் ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும் வருகின்றன. அழைப்பு மையத்தில் மொழிபெயர்ப்பாளர் இலவசமாகக் கிடைப்பார் என்பது எங்கள் பெரியவர்கள் பலருக்குத் தெரியாது. நாங்கள் சொல்லித்தான் தெரிந்துகொள்கிறார்கள். கடிதத்தின் முதல் பத்தியிலேயே எந்த மாநிலம், எந்தத் திட்டம், எந்தத் தேதியிலிருந்து என்ற மூன்றும் இருக்க வேண்டும். உங்கள் தகவல் தவறு என்றால் எந்தக் காகிதத்தை அனுப்பினால் போதும் என்றும் இருக்க வேண்டும். கவுண்டி ஏற்கெனவே மெடிகெய்டை நிறுத்திவிட்டு, மாநிலக் கோப்பில் மட்டும் பெயர் ஒட்டிக்கொண்டிருப்பது உண்டு. அந்த மனிதர் உங்கள் கடிதத்துக்குப் பயந்து சந்தைத் திட்டத்தையும் நிறுத்தினால் கையில் ஒன்றும் இருக்காது. 2023 ஏப்ரலில் தொடங்கிய மெடிகெய்டு மறுபரிசீலனையில் நாடு முழுக்க 2.5 கோடிப் பேர் பெயர் நீக்கப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் தகுதி இல்லாததால் போனவர்கள் அல்ல. காகித வேலை முடியாததால் போனவர்கள். இரட்டைப் பதிவை ஒழிக்கும் வேலையும் அந்த வழியில் போய்விடக் கூடாது.

பணத்தைத் திரும்ப வாங்குவதிலும் ஒரு நியாயம் கேட்கிறேன். மாநிலமோ சந்தையோ தகவல் சொல்லாததால் உண்டான இரட்டை மாதங்களுக்கு, எந்தச் சிகிச்சையும் தராமல் மானியத்தை வாங்கிய நிறுவனத்திடமிருந்து முதலில் வாங்குங்கள். ஒரு மருந்துச் சீட்டுக்குக்கூட அந்தத் திட்டம் பணம் கட்டவில்லை என்பது அவர்கள் கணக்கிலேயே தெரியும். இதற்குச் சட்டத் திருத்தம் வேண்டுமென்றால் வருமான வரித் துறையோடு சேர்ந்து காங்கிரஸிடம் கேளுங்கள். அதுவரை, மெடிகெய்டு கிடைத்த தேதி உங்கள் கோப்பிலேயே இருப்பவர்களுக்கு, மறுமாதமே மானியத்தை நிறுத்தி, நிறுத்திய செய்தியையும் சொன்னால், திருப்பிக் கட்டும் கடன் வளரவே வளராது.

அடுத்த பதிவுக் காலம் நவம்பர் 1-ஆம் தேதி தொடங்குகிறது. மாதாந்திர ஒப்பீட்டுக்கு நாள் பிடிக்கும், தெரியும். கடிதத்தைத் திருத்தி எழுதுவதற்கும், அழைப்பு மையத்திலிருந்து கவுண்டிக்கு இணைப்புக் கொடுப்பதற்கும் புதுச் சட்டம் எதுவும் வேண்டாம். அந்த இரண்டையும் நவம்பருக்குள் செய்யுங்கள். திருத்திய கடிதத்தைத் தமிழில் சரிபார்க்க ஆள் வேண்டுமென்றால் நாங்கள் சிலர் இங்கே தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
வேக் கவுண்டி, வட கரோலினாவிலிருந்து
ஒரு தன்னார்வ விண்ணப்ப உதவியாளர்